சாணைக்கல்லின் தூசு

என் பாட்டனார் விட்டுச் சென்ற பொருள்களுள் வில்லுக்கத்தி ஒன்று உண்டு. ஏட்டோலையின் ஓரஞ் சீவுதற்கு அவர் கையாண்டது அது. அதன் அலகிலே ‘ஷெபீல்ட்’ என்னும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

மூன்றாம் வேற்றுமை கருவிப்பொருளிலும் கருத்தாப்பொருளிலும் வருமாற்றைச் சென்ற தவணையில் மாணவர்க்கு விளக்கப் புகுந்த யான், அக்கத்தியை மேசைமீது வைத்து, ‘கத்தியால் ஓலை சீவப்பட்டது’ என்று கரும்பலகையில் எழுதினேன். கத்தி கருவி என்றேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “அந்தக் கத்தி ஆரால் தீட்டப்பட்டது, ஐயா?” என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷெபீல்ட், இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிலுள்ள நகரம். அங்கே ஓடைகளின் நீர்விசையாற் சாணைக்கற்கள் சுழன்றன. குதிரை ஏறியவரைப் போலக் கால்களை இருபுறமும் இட்டு மர இருக்கையில் அமர்ந்து, கல்லின்மேற் குனிந்தபடி தொழிலாளர் உருக்கைத் தீட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி எந்திரம் வந்தது. ஓடை வற்றுங்காற் கிடைத்த ஓய்வு ஒழிந்தது. நகரத்து அடைத்த அறைகளிலே ஆண்டு முழுவதும் சாணை சுழன்றது.

கத்தி முதலியவற்றைப் பெரும்பாலும் நீர் பட்ட கல்லிலே தீட்டினர். நீர் தூசியை ஓரளவு அடக்கிற்று. முள்ளுக்கரண்டியையோ உலர்ந்த கல்லிலே தீட்டினர். உருக்குத் துகளும் மணற்கல்லின் துகளும் ஒருங்கெழுந்து, குனிந்த முகத்தின் எதிரே புகைபோற் படர்ந்தன. முதலில் இருமல், பின்னர் மூச்சுத்திணறல், அதன்பின் உடல் மெலிவு, முடிவிற் சாவு. ‘சாணைக்காரரின் தொய்வு’ என்று அந்நோய்க்குப் பெயரிட்டனர்.

அந்நகரத்து வைத்தியர் ஆர்னல்ட் நைட் இந்நோயை ஆராய்ந்து எழுதினார். அவர் கூற்றுக்களை எடுத்தாண்ட பிரெடெரிக் ஏங்கெல்ஸ், 1845இல் வெளியிட்ட தம் நூலிலே, ஷெபீல்டின் சாணைக்காரர் ஏறக்குறைய 2,500 பேர் என்றும், அவருள் முள்ளுக்கரண்டி தீட்டுவோர் 80 ஆடவரும் 70 சிறுவருமாக 150 பேர் என்றும், இவர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையே இறந்தனர் என்றும் குறித்துள்ளார். என் வகுப்பின் மூத்த மாணவனுக்கு வயது 18. அங்கே அத்தொழிலில் இருந்திருப்பின், அவன் வாழ்நாளின் பாதியைக் கடந்தவனாவான்.

பரிகாரம் இல்லாமலில்லை. 1820களின் தொடக்கத்திலேயே ஆபிரகாம் என்பார், பறக்கும் உருக்குத் துகளைப் பற்றி ஈர்க்கும் காந்தக் கருவி ஒன்றை ஆக்கினார். தொழிலாளரே அதனை ஏற்க மறுத்தனர். ஆபத்து நீங்கினால் அத்தொழிலுக்கு ஆட்கள் திரள்வர், கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினர் என ஏங்கெல்ஸ் எழுதுகின்றார். தன் ஆயுள் குறுகுதலே தன் கூலிக்குக் காவல் என்று ஒருவன் எண்ணுதல் எத்துணைக் கொடிய நிலை! இதனை அறியாமை என்று இகழ்தல் எளிது. ஆயுள், உணவு என்னும் இரண்டில் ஒன்றையே கொள்க என்று ஒருவனை நிறுத்திவைத்து, அவன் கொண்டதைப் பழித்தல் அறமாகாது.

மேலும், காந்தம் இரும்பைப் பற்றும். கல்லின் தூசியைப் பற்றாது. மணற்கல்லிலுள்ள நுண்ணிய சிலிக்கா சுவாசப்பையைத் தழும்பாக்கி இறுகச் செய்யும் என்பதையும், ஷெபீல்டிலே பெருங்கேடு விளைத்தது அதுவே என்பதையும் இன்று அறிவோம். தனி இரும்புத் தூசி சுவாசப்பையிற் படிதல் அத்துணைக் கொடிதன்று. ஆயினும் உலோகத் தூசி யாவும் அத்தகையன அல்ல. வன்மை மிக்க வெட்டுக் கருவிகளைத் தீட்டுங்கால் எழும் கோபால்ட் கலந்த தூசியும், பெரிலியத் தூசியும் சுவாசப்பையைக் கெடுக்க வல்லன.

தூசியை விசிறியால் இழுத்து வெளியேற்றும் முறையும் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. 1867ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், விசிறி அமைக்குமாறு பணிக்கும் அதிகாரத்தைப் பரிசோதகருக்கு அளித்தது. இருபதாம் நூற்றாண்டில் மணற்கல்லின் இடத்தைச் செயற்கைச் சாணைக்கல் பற்றிக்கொண்டது. கல்லும் காற்றும் மாறிய பின்னரே நோய் தணிந்தது.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் கேட்கவேண்டிய வினாக்களோடு ‘உன் தொழில் யாது?’ என்பதனையும் சேர்த்துக்கொள்ளுமாறு வைத்தியர்க்கு அறிவுறுத்தினார். கடைசி வாங்கு மாணவன் கேட்டதும் அவ்வினாவே.

அடுத்த பாடத்திலே, கருத்தாப்பொருளுக்கு உதாரணமாக ‘சாணைக்காரரால் கத்தி தீட்டப்பட்டது’ என்று எழுதி, அவர்கள் கதையைச் சொன்னேன். இம்முறை ஒருவரும் சிரித்திலர்.