சிவாலிக் யானைப் பல்லும் ஃபோர்டின் ஓவியமும்
நார்த்தாமலையின் கிரானைட் பாறையில் விலங்கின் எலும்பையோ பல்லையோ தேடிப் பயனில்லை. ஆழத்தில் உருகி இறுகிய பாறையில் உயிரெச்சம் தங்காது. தொல்யானையின் பல்லைக் காணப் புதுக்கோட்டை வாசகர் இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகளுக்குப் போகலாம். 1830களில் ஆய்வாளர்கள் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் அங்கே திரட்டிய பற்களை லண்டனில் ஓவியர் ஜி. எச். ஃபோர்டு கல்லச்சுக்காக வரைந்தார். 1846 முதல் 1849 வரை வெளியான ‘ஃபௌனா ஆன்டிகுவா சிவாலென்சிஸ்’ நூலுக்கு உயிர் அந்தப் படங்களே. படம் வெறும் அலங்காரம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துப் பகுதி முற்றுப்பெறவே இல்லை. படங்களுக்கான விரிவான விளக்கம் 1865இல் ஃபால்கனர் இறந்த பிறகுதான் தொகுக்கப்பட்டது. 1931க்கு முன் சூட்டப்பட்ட விலங்குப் பெயருக்கு, வருணனை இல்லாவிட்டாலும் உடன் படம் இருந்தால் போதும் என்கிறது இன்றைய பன்னாட்டுப் பெயரிடல் விதி. படம் அங்கே சான்றாகவே நிற்கிறது.

ஃபால்கனர் கடைவாய்ப்பற்களை நெடுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தை வரையச் செய்தார். மேலிருந்து பார்த்தால் பிடிபடாத உயரமும் பள்ளமும் அதில் தெளிவாகத் தெரியும். அவற்றுள் ஸ்டெகோடான் என்ற தொல்விலங்கின் பெயருக்கே கூரைப்பல் என்று பொருள்: ஓட்டு வீட்டு முகடுபோலத் தாழ்ந்த மேடுகள் அதில் வரிசையாக இருக்கும். நம் ஆசிய யானைக்கோ உயரமான மெல்லிய எனாமல் தகடுகள், கடைசிக் கடைவாய்ப்பல்லில் இருபதுக்கும் மேல், நெருக்கமாக அடுக்கியிருக்கும். பல இனங்களின் வெட்டுமுகங்களைப் பக்கம் பக்கமாக வைத்ததால், ஆய்வாளர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. படிப்பவரே எண்ணிப் பார்க்கலாம்.

ஓவியரின் கை ஆய்வாளரின் விருப்பத்துக்கு வளைந்துவிடாதா என்று கேட்கலாம். வளையக்கூடும்; நியாயமான ஐயம்தான். ஆனால் வரைந்த படமே நூலை எழுதியவரைத் திருத்தவும் உதவுகிறது. பிள்ளையார் பெயரால் ‘கணேசா’ என்று ஃபால்கனரும் காட்லியும் பிரித்த ஸ்டெகோடானும் ‘இன்சிக்னிஸ்’ என்ற இனமும் ஒன்றே என்று பின்வந்தவர்கள் சிலர் கருதினர். இரண்டின் கடைவாய்ப்பற்களும் வேறுபடவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அசல் பற்களும் மண்டையோடுகளும் லண்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டதால், படத்தைப் பொருளோடு ஒப்பிடவும் வழி இருந்தது. புகைப்படம் வந்த பிறகு ஓவியம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. எனாமலின் பளபளப்பில் விளிம்பு மறைவதும், கறை முகடுபோலத் தோன்றுவதும் புகைப்படத்தில் உண்டு. கறை எது, முகடு எது என்று முடிவு செய்யாமல் ஓவியர் ஒரு கோடுகூடப் போட முடியாது.

வரைவது இப்படி உற்றுப் பார்க்க வைக்கிறது என்பதால், புதுக்கோட்டை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, ஆளுக்கொரு பென்சிலும் தாளும் கொடுத்து, ஒரே ஒரு பொருளையாவது அளவு குறித்து வரையச் சொல்லுங்கள்.