செய்தியும் அதனைக் கொணர்பவரும்

செய்தி தானாக நடந்து வருவதில்லை. யாரேனும் ஒருவர் அதனைக் கொண்டுவருதல் வேண்டும். அதனாற்போலும், திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது, தூதுரையைக் காட்டிலும் தூதுவனின் குணநலன்களையே விரித்துரைத்தார். அரசவைக்குரிய அந்த முறை சிற்றூர் வாழ்விலும் வேறோர் உருவில் நிலவியது. இன்றோ, ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியின் வாயிலாக முகநூல், வட்ஸ்அப், வைபர், யூரியூப் முதலிய சமூக ஊடகங்கள் நொடிப்பொழுதிற் செய்திகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இம்மாற்றம் மக்களின் அன்றாட வாழ்வையும் தொழிலையும் உறவையும் எவ்வாறு பாதித்துள்ளது என்பதை ஓர் ஊரை முன்வைத்து நோக்குதல் பயன்தரும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், வலிகாமம் கிழக்கில் அமைந்துள்ளது கோப்பாய். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும், ஆசிரியர் பலரை உருவாக்கிய கலாசாலையும் உடைய ஊர் அது. அங்கு ஒருவர் இறந்துவிட்டால், முற்காலத்தில் அச்செய்தியைச் சொல்லிவர ஆள் அனுப்புவர். அவர் நடந்தோ துவிச்சக்கர வண்டியிலோ உறவினர் வீடுதோறும் செல்வார். வீதியில் நின்று கூவமாட்டார். படலையைத் திறந்து முற்றத்துக்கு வந்து, வீட்டிற் பெரியவர் யாரெனக் கேட்டு, அவரிடம் மெதுவாகச் சொல்வார். இறந்தவர் யார், எப்போது இறந்தார், கிரியை எத்தனை மணிக்கு என்பவற்றுக்கெல்லாம் அவரே பொறுப்பாளி. பிழையாகச் சொல்லியிருந்தால் மறுநாள் அவரைக் கண்டு கேட்கலாம். இப்பணி ஒருகாலத்திற் சாதியின் பெயராற் சிலர்மீது சுமத்தப்பட்டிருந்தமை மறைத்தற்குரியதன்று; அவ்வழக்கம் அருகியமை நன்றே. ஆயினும், செய்திக்கு ஒரு முகமும் ஒரு பெயரும் இருந்தன என்பது கருதத்தக்கது.

பின்னர் அச்சும் வானொலியும் வந்தன. யாழ்ப்பாணத்தில் 1841 ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. 1930 இல் கொழும்பில் ‘வீரகேசரி’யும், 1959 இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ பத்திரிகையும் தோன்றின. ஊர்தோறும் எழுந்த வாசிகசாலைகளில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றையோர் கேட்டு விவாதித்தனர். பத்திரிகைக்கு ஆசிரியர் உண்டு. அச்சகத்துக்கு முகவரி உண்டு. வானொலியில் மரண அறிவித்தல் ஒலித்தபோது, அதனைத் தந்தவர் இன்னாரென்பது அதிலேயே சொல்லப்பட்டது. செய்தியைக் கொணரும் கருவி மாறிற்று, பொறுப்பு மாறவில்லை.

1990 ஆம் ஆண்டின் பின், குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதொழிந்த காலத்தில், செய்தியின் அருமை எல்லார்க்கும் புலனாயிற்று. துவிச்சக்கர வண்டியின் மிதியைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலியை இயக்கி, இலண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையை மக்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பிரிந்துபோன குடும்பத்தினர் வழியிற் கண்ட அறிந்தவர்களிடம் சொல்லியனுப்பியே ஒருவரையொருவர் தேடினர். வெளிநாடு சென்ற பிள்ளையின் கடிதத்துக்காகத் தாய்மார் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். பெற்றோர் இறந்ததை, எல்லாம் முடிந்து நாட்கள் பல கழிந்தபின் அறிந்த மக்களும் பலர்.

இத்தகைய துன்பத்தை அறிந்தவர்களுக்குச் சமூக ஊடகம் ஒரு வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் பிள்ளைகளின் முகத்தைக் கோப்பாயிலுள்ள தாய் இன்று நாள்தோறும் காண்கின்றாள். பேரன் சோறுண்பதைப் பார்க்கின்றாள். அவன் தமிழிற் சொல்லும் இரண்டொரு சொற்களைக் கேட்டு மகிழ்கின்றாள். கோயிற் தேர்த்திருவிழாவைக் கடல் கடந்து இருப்போரும் அந்நேரமே கண்டு வணங்குகின்றனர். வரவியலாத மகன் தந்தையின் இறுதிக் கிரியையைத் திரையிற் கண்டு கண்ணீர் விடுகின்றான். தொலைவிலிருந்து அழுவது அருகிலிருந்து அழுவதற்கு ஈடாகாது. எனினும், ஒன்றும் அறியாதிருந்த காலத்தைவிட இது மேலானதே. பழைய மாணவர் ஒன்றுகூடிப் பாடசாலைக்கு உதவுவதும், நோயாளிக்குக் குருதி வேண்டுமென்ற வேண்டுகோள் விரைந்து பலரைச் சென்றடைவதும் இக்கருவியால் விளைந்த நன்மைகளே.

ஆனால், அதே மரணச் செய்தியில் இதன் மறுபக்கமும் தெரிகின்றது. கோப்பாயில் அதிகாலை ஐந்து மணியாகும்போது ரொறன்ரோவில் முதல்நாள் மாலைப்பொழுதாகும். விடியற்காலையில் முதியவர் ஒருவர் இறக்கின்றார் என வைத்துக்கொள்வோம். வீட்டார் அழுதுகொண்டிருக்கின்றனர், கனடாவில் உள்ள மகளுக்கு எவ்வாறு சொல்வதென மூத்தவர் தயங்குகின்றார். அதற்கிடையில் அயலிலுள்ள இளைஞர் ஒருவர், இறந்தவரின் படத்தோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ என முகநூலில் எழுதிவிடுகின்றார். வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் மகள், தன் தந்தை இறந்ததை அந்நியர் பலருள் ஒருத்தியாக அறிந்துகொள்கின்றாள். அருகிலிருந்து கையைப் பிடிக்க ஒருவருமில்லை. எழுதியவர் தீயவரல்லர், துக்கத்திற் பங்குகொள்ளவே விரும்பினார். ஆயினும், படலையைத் திறந்து வந்து, வீட்டிற் பெரியவர் யாரெனக் கேட்டவரின் இடம் வெறுமையாயிற்று. செய்தி வந்துவிட்டது, அதனைக் கொணர்பவர் வரவில்லை.

இந்நிலைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, செய்தி கைமாறும் முறை. தமக்கு வந்ததை விரலால் ஒருமுறை தொட்டு இன்னொருவருக்கு அனுப்பிவிடலாம். முதலில் எழுதியவரின் பெயர் அதனோடு செல்வதில்லை. பெறுபவர் அதனை நம்புவது எழுதியவரை அறிந்தன்று. அனுப்பிய உறவினரை அறிந்தே. அவரைக் கேட்டாலோ, “எனக்கு வந்ததை அனுப்பினேன்” என்பார். நூறு கை மாறிய செய்திக்கு ஒருவரும் பொறுப்பாளரில்லை. வட்ஸ்அப் நிறுவனமே இவ்வபாயத்தை உணர்ந்து, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் எல்லை வகுத்தது. அடுத்த ஆண்டில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அவ்வெல்லையை ஒன்றாகக் குறைத்தது.

இரண்டாவது காரணம் வணிகம். இவ்வூடகங்களைப் பயன்படுத்த மக்கள் பெரும்பாலும் பணம் கொடுப்பதில்லை. அவற்றை நடத்தும் நிறுவனங்கள் விளம்பரத்தாற் பொருளீட்டுகின்றன. ஆதலின், மக்கள் எவ்வளவு நேரம் திரையை நோக்குகின்றனர் என்பதே அவற்றின் கணக்கு. ஒருவர் எதனைக் கண்டு நின்றார், எதற்கு மறுமொழி எழுதினார், எதனைப் பிறருக்கு அனுப்பினார் என்பவற்றைக் கணினி குறித்துக்கொண்டு, அத்தகையவற்றையே மேன்மேலும் அவர்முன் வைக்கின்றது. அமைதியான செய்தியை மக்கள் கடந்து செல்வர். சினமும் அச்சமும் ஊட்டும் செய்திக்கு முன் நின்றுவிடுவர். ஆகவே, சினமும் அச்சமும் தாமாகவே முன்னுக்கு வருகின்றன. வாசிகசாலை மேசையில் எல்லாருக்கும் ஒரே பத்திரிகை கிடந்தது. திரையிலோ ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பத்திரிகை. அயலவர் எதனை வாசிக்கின்றார் என்பதை அயலவர் அறியார்.

தொழிற்றுறையிலும் இந்நன்மையும் தீமையும் இணைந்தே வருகின்றன. கோப்பாயிலுள்ள தோட்டக்காரர், மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுசெல்லுமுன் தம்புள்ளையில் அன்றைய விலை யாதென அறியலாம். நோயுற்ற இலையைப் படம்பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பி வழி கேட்கலாம். ஒடியலும் பினாட்டும் மிளகாய்த்தூளும் செய்யும் பெண்கள் வீட்டிலிருந்தவாறே கொள்வோரைத் தேடிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் நோய்ப்பரவலினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் வட்ஸ்அப் வாயிலாகவே பாடங்களை அனுப்பினர். அதே வேளையில், தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமும் இல்லாதுபோயிற்று. இன்று அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் குழுச்செய்திகள் இரவு பத்து மணிக்கும் வருகின்றன. வேலை எப்போது முடிந்தது என்பது தெளிவாகாமையால், ஓய்வும் நிறைவாகக் கிட்டுவதில்லை.

வேலை தேடும் இளைஞரின் நிலை இதனினும் கவலைக்குரியது. கணினி வேலை, உயர்ந்த சம்பளம் என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கையர் பலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் 2024 ஆம் ஆண்டில் மீட்டுக் கொணரப்பட்டனர். முன்னர் ஊருக்கு வந்த தரகரும் ஏமாற்றியதுண்டு. ஆனால் அவர் முகம் ஊருக்குத் தெரியும். திரையில் வரும் தரகருக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. ஆதலின், அத்தகைய அழைப்பு வந்தால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொண்டு, அந்த முகவர் அனுமதி பெற்றவர்தாமா என விசாரித்த பின்னரே கடவுச்சீட்டையும் பணத்தையும் கையளித்தல் வேண்டும்.

பொறுப்பாளரில்லாத செய்தி ஒரு தனிமனிதரோடு நிற்பதில்லை. ஊரையே எரிக்கவும் வல்லது. இது முற்றிலும் புதியதன்று. 1958 இலும் 1983 இலும் வாய்மொழியாகப் பரவிய வதந்திகள் வன்செயலுக்குத் தூபமிட்டதை இந்நாட்டுத் தமிழர் மறந்திலர். அவ்வதந்தி இப்போது இறக்கை பெற்றுள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற கதை சமூக ஊடகங்களிற் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது, அது மாத்திரையன்று, மாவுக்கட்டியே எனத் தெரிந்தது. உணவிற் கலந்து மக்களை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவேயில்லை. ஆனால், உண்மை புறப்படுமுன் பொய் ஊர் கடந்துவிட்டது. சில நாட்களுள், மார்ச் தொடக்கத்தில், கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்செயல் மூண்டது. உயிர்கள் மாண்டன, வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவ்வன்செயலிலே தனது தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த வீட்டாருக்கு அம்மன்னிப்பு இரண்டு ஆண்டுகள் பிந்தியே வந்தது.

அரசாங்கம் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் 21 ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரல் 3 ஆம் தேதியும் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. தடை பொய்யையும் மெய்யையும் பிரித்தறியாது. உயிர்த்த ஞாயிறன்று வைபரிலும் வட்ஸ்அப்பிலும் உறவினரின் நலம் விசாரிக்க முயன்றோரும் அதனால் தவித்தனர். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்றுகளைத் தண்டிக்க வழிசெய்தது. மெய்யான விமர்சனத்தையும் அது அடக்கக்கூடுமென ஊடகவியலாளரும் சட்டவறிஞரும் அஞ்சினர். 2022 இல் மக்கள் ஒன்றுதிரண்டு தங்கள் குறையை உலகறியச் செய்ததும் இதே ஊடகங்களின் துணையாலன்றோ! சட்டம் வேண்டியதே. ஆயினும், வதந்தி பிறக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் சட்டம் வந்து நிற்கமாட்டாது. அங்கே நிற்பவர், தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவரே.

ஆகவே, செய்தியைக் கொணர்பவர் இல்லாத இடத்தில், அதனைப் பெறுபவரே கொணர்பவராகவும் ஆகவேண்டியுள்ளது. பிறருக்கு அனுப்புமுன் அவர் தம்மைத்தாமே மூன்று வினாக்கள் கேட்டல் தகும். இதனை முதலிற் சொன்னவர் யார்? அவர் அதனைக் கண்டவரா, கேட்டவரா? இதனை முதலில் அறிய உரிமையுடையவர் அறிந்துவிட்டாரா? விடை தெரியாவிடின், அச்செய்தி அவரோடு நின்றுவிடட்டும். அதனால் உலகுக்கு இழப்பொன்றுமில்லை. பிள்ளைகளுக்கு இவ்வினாக்களைப் பாடசாலையிற் கற்பிக்கலாம். அதற்கு முன் வீட்டில் பெரியோர் செய்து காட்டுதல் வேண்டும். வாசிகசாலைகளிலும், கைத்தொலைபேசியில் வந்ததைப் பத்திரிகையோடு ஒப்புநோக்கிப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

கோப்பாயின் ஒழுங்கைகளிற் பழைய கிடுகுப் படலைகள் மறைந்து இரும்புக் கதவுகள் வந்துவிட்டன. செய்தி சொல்ல வருபவரின் துவிச்சக்கர வண்டியும் அரிதாகவே தென்படுகின்றது. அவர் மீண்டும் வரவேண்டுவதில்லை. ஆனால், உள்ளே புகுமுன் படலையடியிற் சற்றே நின்று, இச்செய்தியை யாரிடம் சொல்வது, எவ்வாறு சொல்வது என எண்ணிப்பார்த்தாரே, அந்தச் சிறு தாமதம் இன்றும் வேண்டியதாயுள்ளது. விரல் திரையைத் தொடுமுன் அத்தாமதத்தைக் கைக்கொள்பவர், தம்மால் இயன்ற அளவில் ஒரு வீட்டையேனும், ஓர் ஊரையேனும் காத்தவராவார்.