திரையில் வராத தமிழ் எழுத்து
தொடர் – 8

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மொழி தெரியாதவருக்காக வேறு மொழியில் எழுதப்படுவது. மற்றது, மொழி தெரிந்தும் காது கேளாதவருக்காக அதே மொழியில் எழுதப்படுவது. இரண்டாவது வகையில் வசனத்தை மட்டும் எழுதினால் போதாது. யார் பேசுகிறார், கதவு தட்டப்படுகிறதா, அடுத்த அறையில் குழந்தை அழுகிறதா, பின்னணி இசை எந்த இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். இலங்கைத் தமிழர் பார்க்கும் திரைகளில் முதல் வகை தாராளமாக இருக்கிறது. இரண்டாவது வகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டி மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய பன்வில பிரதேசத்தை எடுத்துக்கொள்ளலாம். மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் கூரைகளின் மேல் டிஷ் அன்டனாக்கள் நிற்கின்றன. கொழுந்து நிறுத்து வீடு திரும்பி, அடுப்பு வேலை முடிந்த பின் குடும்பம் ஒன்றாக உட்காருவது நாடகம் பார்க்கத்தான். மறுநாள் மலையில் நிரை பிடிக்கும்போது நடக்கும் பேச்சிலும் பாதி அந்த நாடகம்தான். காது கேளாத ஒருவரும் அதே வீட்டில் அதே திரையைப் பார்க்கிறார். கதாநாயகி அழுவது தெரிகிறது, ஏன் அழுகிறாள் என்பது தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிக் கேட்டால் ‘பொறு’ என்று கை காட்டப்படும். விளம்பரம் வரும்போது பத்து நிமிடக் கதை மூன்று சைகையில் சொல்லி முடிக்கப்படும். வீட்டார் அன்பில்லாதவர்கள் என்பதால் அப்படிச் செய்யவில்லை. அவர்களுக்கும் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் மலைப்பேச்சில் அவருக்குப் பங்கில்லாமல் போகிறது, உண்மையான இழப்பு அதுதான்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழில் ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ‘பாடு’ என்றாரா ‘மாடு’ என்றாரா என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. ‘க’ தொண்டைப் பக்கமே பிறந்து முடிந்துவிடுவதால் உதட்டுக்கு வருவதே இல்லை. மீசை, முதுகு காட்டி நிற்கும் பாத்திரம், பேசுபவரை விட்டுக் கேட்பவரின் முகத்துக்குத் தாவும் கமரா எல்லாம் இதற்கு மேல். எல்லாவற்றிலும் பெரிய தடை மொழிமாற்றுத் தொடர்கள். ஹிந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றிய நாடகத்தில் குரல் தமிழ் பேசும், உதடு ஹிந்தி பேசும். காது உள்ளவருக்குக் குரல் போதும். உதட்டை நம்பியிருப்பவர் தனக்குத் தெரியாத ஒரு மொழியின் அசைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சினிமா தொடங்கியபோது நிலைமை இப்படி இருக்கவில்லை. மௌனப் படங்களில் காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் வந்தன. கேட்பவரும் கேளாதவரும் ஒரே படத்தை ஒரே அளவில் பார்த்தார்கள். காது கேளாத ஓவியரான கிரான்வில் ரெட்மண்ட், சாப்ளினின் நண்பராக இருந்து அவருடைய படங்களில் நடித்தும் இருக்கிறார். 1927இல் ‘த ஜாஸ் சிங்கர்’, 1931இல் தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ என்று பேசும் படங்கள் வந்ததும் எழுத்து அட்டைகள் ஒழிந்தன. உலகம் புது வசதியைக் கொண்டாடியபோது கேளாதவர்கள் இருந்ததையும் இழந்தார்கள். மௌனப் படங்களில் நடித்த எமர்சன் ரொமேரோ என்ற கேளாத நடிகர் 1947இல் பேசும் படச் சுருள்களை வாங்கி, வெட்டி, இடையிடையே வசன அட்டைகளைத் தானே ஒட்டிக் கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வசன வரியின் வரலாற்றில் முதல் முயற்சிகள் இப்படிக் கேளாதவர்களின் கையிலிருந்தே வந்தன என்பதை மறக்கக் கூடாது.

அதன் பிறகு நடந்தவை பெரும்பாலும் சட்டத்தின் வற்புறுத்தலால் நடந்தவை. அமெரிக்காவில் 1990இல் இயற்றிய சட்டத்தின்படி 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் வசன வரி காட்டும் கருவி கட்டாயமானது. நெட்ஃபிளிக்ஸ்மீது அந்நாட்டுக் கேளாதோர் தேசிய சங்கம் தொடுத்த வழக்கு 2012இல் உடன்பாட்டில் முடிந்தது. 2014க்குள் எல்லாப் படங்களுக்கும் வசன வரி தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறுபக்கம், பார்வையாளர்களே காணொளிகளுக்கு வசன வரி எழுதிக் கொடுக்கும் வசதியை யூடியூப் 2020 செப்டம்பரில் நீக்கியது. பயன்படுத்துவோர் மிகக் குறைவு, குப்பைப் பதிவுகள் அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. அதை நம்பியிருந்த கேளாதவர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை.

‘எத்தனை பேருக்காக இந்தச் செலவு’ என்ற கேள்வி எல்லா நாட்டிலும் கேட்கப்படுகிறது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கேட்பதில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம். பிரித்தானியாவின் ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் 2006இல் வெளியிட்ட கணக்கில், வசன வரியைப் பயன்படுத்திய 75 இலட்சம் பேரில் 60 இலட்சம் பேருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. திரையில் எழுத்து ஓடினால் கவனம் சிதறும் என்பது இன்னொரு முறைப்பாடு. அந்த எழுத்தை வேண்டாதவர் அணைத்துக்கொள்ள வழி வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

சைகைமொழிக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு விதமானது. இசைக் கச்சேரிகளில் பாட்டைச் சைகையில் பெயர்ப்பவர்களின் காணொளிகளை இலட்சக்கணக்கானோர் ரசிக்கிறார்கள், பகிர்கிறார்கள். ஆனால் அந்தச் சைகை சரியா என்று பார்ப்பவர் குறைவு. 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் நினைவஞ்சலியில் உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று பொருளற்ற சைகைகளைச் செய்தவரை, தவறு என்று உடனே கண்டுசொன்னவர்கள் கேளாதவர்களே. இலங்கையில் சிங்களச் செய்தியின்போது திரை மூலையில் சைகைமொழி பெயர்ப்பாளர் தோன்றுவது பழகிய காட்சி. செய்தி முடிந்து நாடகம் தொடங்கும்போது அந்தக் கட்டம் மறைந்துவிடும். கேளாதவருக்குத் தகவல் போதும், சிரிப்பும் அழுகையும் தேவையில்லை என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2019இல் தொலைக்காட்சிகளுக்கான அணுகல் விதிகள் வந்தன. 2023 ஜனவரியில் ‘பதான்’ படத்தின் இணைய வெளியீட்டுக்கு வசன வரி சேர்க்குமாறு டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. தமிழ் சினிமா கேளாதவர்களைக் கதையில் சேர்த்திருக்கிறது. ‘மொழி’யில் (2007) ஜோதிகா அப்படிப்பட்ட பாத்திரத்தில் நடித்தார். ‘நாடோடிகள்’ (2009) படத்தில் கேட்கவும் பேசவும் இயலாத அபிநயாவே பேசும் பெண்ணாக நடித்து, மற்றொருவர் குரல் கொடுத்தார். ஆனாலும் தமிழ்ப் படத்தைத் தமிழ் வசன வரியோடு வெளியிடுவது வழக்கமாகவில்லை. இணையத் தளங்களில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆங்கில வரி.

இலங்கைச் சட்டமும் இந்த இடத்தில் மெலிந்தே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலை, கல்வி, பொது இடம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது, வசன வரியை வற்புறுத்தவில்லை. 2016 பெப்ரவரியில் நாடு ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, தொலைக்காட்சியும் சினிமாவும் நாடகமும் அணுகக்கூடிய வடிவில் கிடைப்பதை உரிமையாகச் சொல்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை பாக்கி. இதற்கிடையே சிங்கள ரசிகர்கள் பைஸ்கோப் போன்ற தளங்களில் தன்னார்வமாக எழுதிய சிங்கள வரிகள் வெளிநாட்டுப் படங்களுக்குக் குவிந்திருக்கின்றன. சிங்கள அலைவரிசைகளில் தமிழ்ப் படம் சிங்கள வரியோடு வருவதும் உண்டு. ஆக, சிங்களம் படிக்கத் தெரிந்த கேளாதவர் தமிழ்ப் படத்தின் கதையைப் புரிந்துகொள்வார். 1956இல் தொடங்கிய, கேளாதோர் கற்கும் கைதடி நபீல்ட் பாடசாலையில் தமிழ் கற்ற கேளாதவருக்கு அதே படம் புரியாது.

செலவு பற்றிய வாதம் மொழிமாற்றுத் தொடர்களில் முற்றாக விழுந்துவிடுகிறது. குரல் கொடுப்பதற்கு முன்பே அவற்றின் வசனம் தமிழில் எழுதி, உதட்டசைவின் நீளத்துக்கு வெட்டித் திருத்தப்படுகிறது. வசன வரிக்குத் தேவையானதில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதை இரண்டு வரிக்கு மிகாமல் பிரித்து, ஒலிக்குறிப்புகளைச் சேர்த்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது வாசிப்புப் பயிற்சியாகும். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி முன்னெடுத்த அதே மொழி வசன வரித் திட்டம் 2002இல் தூரதர்ஷனின் ‘சித்ரஹார்’ பாடல்களுக்கு வந்ததே அந்த நோக்கத்தில்தான். படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத கேளாதவருக்கு இது உதவாது. அவருக்குச் சைகைமொழிதான் வேண்டும், அந்தக் கோரிக்கை தனியாக நிற்கிறது.

தமிழ் அலைவரிசைகள் மாலை நேரத்து மொழிமாற்று நாடகம் ஒன்றிலிருந்தாவது தமிழ் வசன வரியைத் தொடங்க வேண்டும். வீட்டில் காது கேளாத ஒருவர் இருப்பவர்கள் இதை அலைவரிசைகளுக்கு எழுதிக் கேட்க வேண்டும், இல்லாதவர்களும் கேட்க வேண்டும்.