அப்பாவின் டாக்சியும் பம்ப் கடைப் பெரியவரும்

வானொலி அறிவிப்பாளனான எனக்குச் சத்தம்தான் சோறு போடுகிறது. அதனாலோ என்னவோ, பாலிங்கில் சிறு வயதில் கேட்ட ஒரு சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா டாக்சியைக் கிளப்புவார். குமிழை இழுத்துப் பிடித்து மனத்துக்குள் எண்ணுவார். க்ளோ பிளக் சூடானதும் ‘கட கட’வென்று இயந்திரம் பிடித்துக்கொள்ளும். எங்கள் லயத்து நாய்கள்கூட அதற்குக் குரைக்காது.

அது மெர்சிடிஸ் பென்ஸ் 200டி. 1968 முதல் 1976 வரை தயாரான ரகம். 55 குதிரைச் சக்திதான். ஒரு காலத்தில் நம் நாட்டு வெளியூர் டாக்சி நிலையங்களில் இந்த டீசல் மெர்சிடிஸ்கள் வரிசை பிடித்து நிற்கும். குப்பாங், கோலக்கெட்டில் வழியாகச் சுங்கைப்பட்டாணிக்கு எத்தனை கர்ப்பிணிகளையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் அப்பா ஏற்றிப் போயிருப்பாரோ, கணக்கில்லை.

ஓய்வு பெற்ற பிறகு டாக்சி கொட்டகைக்குப் போனது. சென்ற ஆண்டு, பத்து வருடத்துக்குப் பிறகு, பேட்டரி மாற்றிக் கிளப்பிப் பார்த்தோம். ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே இல்லை. இயந்திரம் தானாக அலறியது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. 72 வயது அப்பா ஓடிப்போய், காற்று போகும் வாயை ஒரு பலகையால் அடைத்தார். பிறகுதான் அடங்கியது.

“கையை வச்சிடாதடா, இழுத்துக்கும்” என்றார். அன்றிரவே, “பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோளாறு எங்கே?

டீசல் இயந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, சரியான நொடியில் டீசலைப் பீய்ச்ச வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் இன்ஜெக்‌ஷன் பம்ப். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1927இல் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் டீசல் இயந்திரம் லாரிகளில் பரவலானது; 1936இல் மெர்சிடிஸ் 260டி வழியாகக் காருக்குள்ளும் நுழைந்தது.

பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு உலக்கைகள். உலக்கைக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரோன்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஜோடியாகவே தேய்த்துச் செய்தவை. ஒன்றை மற்றொன்றின் குழலில் போட முடியாது. பம்பின் பின்னால் ஒரு சவ்வு உண்டு. இயந்திரம் காற்றை உறிஞ்சும் இழுப்பை வைத்து டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது அதுதான். அது கிழிந்தால் டீசல் முழு அளவில் பாயும். எங்கள் கொட்டகையில் நடந்தது அதுதான்.

ஆள் தேடிய கதை

தலைநகரில் பழைய கார்களுக்குப் பேர்போன ஒரு பட்டறையில் கேட்டேன். பெட்ரோல் இயந்திரம் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் ‘ஹாஃப்கட்’ பம்ப் வாங்கி வரச் சொன்னார்கள். எட்டு மாதம் ஓடியது.

வழி காட்டியவர் பாலிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணன் ஒருவர். “நீ ஏன்டா மெர்சிடிஸ் கடையா தேடுற? லோரி பம்ப் பார்க்கிற ஆளைத் தேடு. பம்புக்கு என்னா தெரியும், அது பென்ஸா லோரியான்னு?”

உண்மைதான். பழைய லாரி, பேருந்து, டிராக்டர் பலவற்றில் இருப்பதும் இதே குடும்பத்துப் பம்ப். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்பது இதைத்தான். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, போஷ் உரிமத்தில் அங்கே செய்தது. நான் தேடியது கார் நிபுணரை. தேட வேண்டியது பம்ப் நிபுணரை.

சுங்கைப்பட்டாணியில் லாரிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பம்ப் கடையில் பெரியவரைப் பார்த்தேன். எழுபதை நெருங்கிய தமிழர். பம்பைக் கையில் வாங்கியதும் தகட்டில் இருந்த எண்ணை முதலில் எழுதிக்கொண்டார்.

“கழட்டுறதுக்கு முன்னாடி அடையாளம் போட்டியா தம்பி?”

“போட்டேன் அங்கிள்.”

“அப்போ பாதி வேலை மிச்சம்.”

சவ்வை மாற்றினார். காய்ந்துபோன டீசல் கோந்து போல் ஒட்டியிருந்ததைக் கழுவினார். தேய்ந்த ஓர் உலக்கை ஜோடியை மாற்றினார். பிறகு சோதனை மேடையில் ஏற்றினார். மோட்டார் பம்பைச் சுற்ற, நான்கு கண்ணாடிக் குழாய்களில் டீசல் விழுந்தது. மூன்றில் ஒரே அளவு, ஒன்றில் நூலளவு குறைவு. எனக்குக் கண்ணில் படவே இல்லை. நிறுத்தி, திருகி, மறுபடி ஓட்டினார். நான்கும் சமமாக மூன்று மணி நேரம் ஆனது.

“ரப்பர் குழாய் எல்லாத்தையும் மாத்திடு” என்றார். இப்போது நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்து வருகிறது. 2019இல் வாகனங்களுக்கு அது 10 விழுக்காடு ஆனது. பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். நம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பரை விரட்டிய செம்பனை, காருக்குள்ளும் விடவில்லை!

உங்களுக்கும் இப்படி ஒரு வண்டி இருந்தால் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். சோதனை மேடை இருக்கிறதா? என் பம்ப் எண்ணுக்குரிய அளவு அட்டவணை உண்டா? இன்ஜெக்டர்களையும் சேர்த்துச் சோதிப்பீர்களா? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால் நம்பிக் கொடுக்கலாம். எனக்கு ஆன செலவு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கொடுத்ததில் வருத்தமில்லை.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. புது டீசல் வண்டிகளில் கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வந்துவிட்டது. பெரியவரின் மேடைக்கு வேலை குறைந்து வருகிறது. மகன் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் இருக்கிறார். “எனக்கப்புறம் இந்த மேடையையும் பழைய இரும்புக்குத்தான் போடணும்” என்றார். அப்பா சொன்ன அதே வார்த்தை.

ஆகவே கொட்டகையில் வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பாகங்களைக் கப்பலில் வரவழைத்துவிடலாம். அந்தக் கையை வரவழைக்க முடியாது.

பம்பை மாட்டிய அன்று அப்பாவே குமிழை இழுத்தார். எண்ணினார். ‘கட கட’. நான் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கொஞ்சம் வேகமா ஓடுது. நாளைக்குப் போய்க் குறைச்சுட்டு வந்துடலாம்” என்றார்.

பழைய இரும்புப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.