ஒரு பழைய ராலேயின் செலவுக் கணக்கு

பழைய மிதிவண்டி ஒன்றைப் புதுப்பிக்க எவ்வளவு செலவாகும் என்று யாராவது கேட்டால், பத்துப் பதினைந்தாயிரம் என்று சொல்லி வந்தேன். அது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால், உண்மை எவ்வளவு என்பது தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே சரி. சென்ற மாதம் மேசை இழுப்பறையிலும் கைபேசியிலும் சட்டைப்பையிலும் சிதறிக் கிடந்த ரசீதுகளை ஒன்றுசேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ரூ.45,150. இதே போன்ற வண்டியை யாரோ ஒருவர் புதுப்பித்து முடித்த நிலையில் வாங்கியிருந்தால், ஏறக்குறைய இருபத்தைந்தாயிரத்தில் முடிந்திருக்கும்.

பொழுதுபோக்கில் நஷ்டம் இயல்பு. ‘முதலீடு’ என்று சொல்லித்தான் இதற்கு வீட்டில் அனுமதி வாங்கினேன் என்பது தனிக் கதை. எனக்கு உறுத்தியது மொத்தத் தொகை அல்ல. அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையின் மூலையில் அந்த ராலே நின்றிருந்தது. தாத்தா மலாயாவிலிருந்து திரும்பியபோது ரஜூலா கப்பலில் கொண்டுவந்தது என்றார் வீட்டுக்காரர். கப்பல் கதையைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால், பின்சக்கரத்தின் நடுவே, மூன்று கியர்கள் அடங்கிய ஹப்பின் மீது ‘51’ என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் தன் ஹப்புகளில் தயாரிப்பு ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் உடையது. எனவே அந்த ஹப் 1951இல் செய்யப்பட்டது. ரூ.7,000 கொடுத்தேன். வண்டியின் விலை அவ்வளவுதான். மீதி முப்பத்தெட்டாயிரம் அதன் பிறகு நடந்தவற்றுக்கு.

ராலே இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1880களில் பிறந்த நிறுவனம். ஃப்ராங்க் பவுடன் என்பவர் அதைப் பெரும் தொழிற்சாலையாக வளர்த்தார். தனக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தானே செய்துகொண்டது அதன் சிறப்பு. பிற்காலத்தில் என்னைப் போன்றவர்களுக்கு வந்த தலைவலிக்கும் அதுவே மூலம். மற்ற ஆங்கிலேய வண்டிகளில் பெடல் அச்சைத் தாங்கும் கப்புகளுக்கு ஓர் அங்குலத்துக்கு 24 மரை என்பது பொதுவான அளவு. ராலே மட்டும் 26 மரை வைத்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மற்றொன்றைத் திருகினால் ஒன்றரைச் சுற்று போய் நின்றுவிடும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் சட்டகத்தின் மரையே அழிந்துவிடும். இப்படி மரை அழிந்த ராலேக்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு.

ஸ்டர்மி-ஆர்ச்சரின் நாட்டிங்காம் ஆலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டு, தொழில் தைவான் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அதை ஒட்டிச் சில ஆண்டுகளுக்குள் நாட்டிங்காமில் ராலே வண்டி உற்பத்தியும் நின்றது. பழைய பாகங்களின் எண்ணிக்கை இனிக் குறையத்தான் முடியும், கூட வழியில்லை. இதனால் ஒரு விபரீதமும் நிகழ்கிறது. முழு வண்டியாக விற்றால் ஏழாயிரம் பெறும் பொருளைப் பிரித்து இருக்கை, விளக்கு, மணி, கியர் என்று தனித்தனியாக விற்றால் அதைப் போல் இருமடங்கு கிடைக்கிறது. ஒரு வண்டி உயிர்பெற இன்னொரு வண்டி பிரிக்கப்படுகிறது. ‘பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்று நாங்கள் பேசும்போது இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

இது ராலேக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவில் 1980களின் பி.எம்.எக்ஸ் சாகச மிதிவண்டிகளைத் தேடிப் புதுப்பிக்கும் நடுவயதினர் ஏராளம். அங்கும் சட்டகத்தைவிடச் சின்னஞ்சிறு பாகங்கள்தான் பையைக் காலியாக்குகின்றன. ஆனால், அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஹாரோ போன்ற நிறுவனங்கள் அந்தக் கால வண்டிகளைத் திரும்பவும் தயாரித்து விற்கின்றன; ஸ்கைவேயின் புகழ்பெற்ற டஃப் வீல் சக்கரங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 26 மரை கப்பை எங்களுக்காக யாரும் மறுபடி வார்க்கப் போவதில்லை.

செலவில் முதலிடம் இருக்கைக்கு. புரூக்ஸ் தோல் இருக்கை ஒன்று ரூ.11,500, வண்டியைவிட இருக்கைக்கு விலை அதிகம். கியரின் உள்பாகங்களும் கைப்பிடியில் பொருத்தும் விசையும் இங்கிலாந்திலிருந்து வந்தன: ரூ.4,200. தபாலும் சுங்கமும் ரூ.1,900. லூகாஸ் மணி ஒன்றைத் திருச்சியிலேயே பழைய சாமான் கடையில் கண்டுபிடித்தேன். கடைக்காரர் மணியைத் துடைக்கும் முன் கைபேசியைத் துடைத்தார். லண்டனில் அது என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு ரூ.2,600 என்றார். பழைய இரும்பாக எடைக்கு வந்த பொருள்தான். இணையம் வந்த பிறகு பழைய பொருள்களுக்கு உள்ளூர் விலை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. மட்கார்டிலும் சட்டகத்திலும் ஒட்டும் எழுத்துகளுக்கும் நாரைத் தலைச் சின்னத்துக்கும் ரூ.1,600.

முலாம் பூசுவதற்கு ரூ.7,800 ஆனது. இந்த வேலையின் விலை முலாமில் இல்லை, தேய்ப்பில் இருக்கிறது. துரு தின்ற குழிகள் மறையும் வரை இரும்பைத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் பொறிக்கப்பட்ட எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். பிறகு நிக்கல், அதன் மேல் குரோமியம். இந்தத் தொழிலில் பரவலாகப் பயன்படும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் எப்போதோ மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை நாளிதழ் படிப்பவர்கள் அறிவார்கள். பட்டறைக்காரரிடம் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கைப்பிடி மட்டும் கண்ணாடிபோல வந்திருக்கிறது.

சட்டகத்துக்கும் மட்கார்டுகளுக்கும் கறுப்பு வண்ணம் பூச ரூ.4,500. அதன் மேல் பொன்னிறக் கோடுகளைக் கையால் இழுக்க ஒரு பெயர்ப்பலகை ஓவியர் வந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நீளத் தூரிகையால் ஒரே இழுப்பு. அரை நாள் வேலைக்கு ரூ.800 வாங்கிக்கொண்டார். ஃப்ளெக்ஸ் பலகைகள் வந்த பிறகு கோடு இழுக்கும் வேலை இதுதான் முதல் தடவை என்றார்.

மலிவாக முடிந்ததும் ஒன்று உண்டு. டயர், டியூப், பிரேக் கட்டைகள், செயின், பால்ரஸ் குண்டுகள் எல்லாம் சேர்த்து ரூ.1,450தான். காரணம், இந்த வகை வண்டி மேலை நாடுகளில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டாலும் நம் நாட்டில் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. கம்பி பிரேக், இருபத்தெட்டு அங்குல டயர், முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி என்ற பழைய ஆங்கிலேய இலக்கணத்தை லூதியானா விடவில்லை. பால்காரரும் இளநீர் விற்பவரும் அந்த வண்டியை ஓட்டும்வரை எனக்கும் டயர் கிடைக்கும்.

இனி வேலை செய்தவருக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய்க்கு எழுபது வயது நெருங்குகிறது. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட முப்பது சைக்கிள்கள் வைத்திருந்தவர். இப்போது பஞ்சரும் ஓவராயிலும்தான். என் ராலேயின் பெடல் அச்சுக் கப் ஒன்று குழி விழுந்து கெட்டிருந்தது. வேறொரு கடையில் சாதாரணக் கப்பைப் போட்டுத் திருகப் பார்த்தார்கள். வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். பாய் மரையின் மீது நகத்தை ஓட்டிப் பார்த்தார். “இதுக்கு நம்ம கப்பு ஏறாது சார், இது ராலேக்காரன் மரை” என்றார். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, கிரீஸும் தூசியும் அப்பிய இருபது முப்பது கப்புகளில் ஒன்றை எடுத்துத் துடைத்தார். அது விரலாலேயே கடைசி வரை திருகிக்கொண்டு போனது.

ஹப்பை அவர் பிரித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யாரோ தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு உள்ளே பசைபோல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் வரிசையாக வைத்தார். நடுக் கியரில் பின்பக்கப் பல்சக்கரம் சுற்றும் அளவே சக்கரமும் சுற்றும். மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். கீழ் கியரில் கால் பங்கு குறையும். பாய்க்கு இந்தக் கணக்குத் தெரியாது, தேவையும் இல்லை. நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே எதிலும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. சங்கிலியின் இழுவை சரியாக இல்லாவிட்டால், எழுந்து நின்று மிதிக்கும்போது கால் நழுவி ஆள் விழுவார். அதை மட்டும் ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்துத் திருத்தினார். இரண்டு சக்கரங்களையும் புதிதாகக் கம்பி கட்டிக் கோட்டம் எடுத்தார். மூன்று வாரங்களில் அங்கும் இங்குமாக ஐந்து முழு நாள் வேலை.

இரண்டாயிரம் கேட்டார். நான் பேரம் பேசி ரூ.1,800 கொடுத்தேன்.

இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. இங்கிலாந்து வியாபாரியிடம் நான் பேரம் பேசவில்லை. மணிக்கடைக்காரரிடம் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை; கைபேசியில் இருந்த விலையை வேதவாக்காக ஏற்றுக்கொண்டேன். நாற்பத்தைந்தாயிரத்தில் வண்டியை ஓட வைத்தவருக்குப் போனது நூற்றுக்கு நான்கு ரூபாய். நாளொன்றுக்கு ரூ.360. பாய்க்கும் கோடு இழுத்த ஓவியருக்கும் கொடுத்ததைச் சேர்த்தால் ரூ.2,600 வருகிறது, மணிக்குக் கொடுத்த அதே தொகை.

அவர் கேட்டதே அவ்வளவுதானே என்று சொல்லலாம். நானும் சில நாள் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால், அவர் கூலி எப்படி நிர்ணயமாகிறது என்று பார்க்க வேண்டும். அது பால்காரரையும் பள்ளிப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துப் போட்ட கூலி. அந்த வண்டிகளின் மொத்த மதிப்பே சில ஆயிரம். பஞ்சருக்கும் கோட்டத்துக்கும் அதற்கு மேல் கேட்டால் அவர்கள் வரமாட்டார்கள். பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவருக்காக அவர் தாழ்த்தி வைத்த விலையை, ஆசைக்கு வண்டி வைத்திருக்கும் நான் எடுத்துக்கொண்டேன். அதிலும் இருநூறைக் குறைத்தேன்.

தர்ம சங்கடம் மட்டுமல்ல இது. சுயநலமாகப் பார்த்தாலும் பிழை. பாய் கடையில் வேலை பழகும் பையன் எவனும் இல்லை. அவருடைய மகன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அதில் வருமானம் அதிகம் என்பது பாய்க்கே தெரியும். புரூக்ஸ் இருக்கையை நாளைக்கும் வாங்கலாம். நகத்தை ஓட்டி மரையை அறியும் விரலை எந்த நாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது? பாகங்கள் அருகி வருவதைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஓயாமல் பேசுகிறோம். கைகள் அருகி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவற்றுக்கு ஏல விலை எதுவும் இல்லாததால் இருக்கலாம்.

அடுத்து ஒரு ஹம்பர் வண்டி வந்திருக்கிறது. இந்த முறை முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டிருக்கிறேன். அதில் பாகங்களுக்கு ஒரு பக்கம், மணி நேரத்துக்கு ஒரு பக்கம். தச்சருக்கும் மின்பணியாளருக்கும் எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறோமோ அதைப் பாய்க்கும் கொடுப்பது என்று முடிவு. அவரிடம் சொன்னபோது நம்பாமல் பார்த்தார். முன்பு குறைத்த இருநூறை நீட்டினேன். வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, பிரேக் கம்பியை நிமிர்த்தத் தொடங்கினார். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது: பிரேக் கம்பிகள், மூன்று மணி நேரம்.