பனிச்சறுக்குக்கு உகந்த கையடக்கக் கேமரா

இரு கால்களிலும் நீண்ட மெல்லிய பலகைகளைப் பூட்டிக்கொண்டு, கைகளில் ஊன்றுகோல்களுடன், வெண்பனி மூடிய மலைச்சரிவில் விரைந்து வழுக்கியிறங்கும் பனிச்சறுக்கு, குளிர்நாடுகளில் போக்குவரத்து முறையாகத் தொடங்கி, பின்னர் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் விளையாட்டாகவும் சுற்றுலாத் தொழிலாகவும் வளர்ந்தது. இன்று பிரான்சின் ஷாமோனி, சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் போன்ற புகழ்பெற்ற இடங்களுக்கு மட்டுமன்றி, காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் அவுலிக்கும் குளிர்காலந்தோறும் சறுக்குவோர் வருகின்றனர். பெரிய கேமராவைச் சுமந்தபடி சறுக்குவது கடினம் என்பதால், அவர்களில் பலர் காம்பாக்ட் கேமராவை, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாதபடி உடலோடு இணைத்துச் செய்யப்பட்டு, சட்டைப்பையில் அடங்கிவிடும் சிறு டிஜிட்டல் கேமராவை நாடுகின்றனர். இத்தகைய கேமராவை வாங்குவோர் வழக்கமாக மெகாபிக்சல், ஜூம், விலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு முடிவெடுப்பர். சறுக்குதளத்திலோ இம்மூன்றும் பின்னுக்குப் போய், குளிர், நீர், கையுறை, வேகம் ஆகிய நான்கும் முன்னுக்கு வந்துவிடுகின்றன.

ஒளி மிகுந்த இடத்தில் சிறிய சென்சார்

கேமராவுக்குள் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். நீர்புகாச் சிறு கேமராக்கள் பெரும்பாலானவற்றில் உள்ள சென்சார் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது; விலை உயர்ந்த காம்பாக்ட் கேமராக்களில் காணப்படும், வணிக வழக்கில் ‘1 அங்குலம்’ எனப்படும் சென்சார் 13.2 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டு, பரப்பில் அதைப்போல் நான்கு மடங்காக இருக்கிறது. பரப்பு பெரிதானால் சேரும் ஒளியும் மிகும் என்பதால், மங்கலான அறையிலும் மாலை வேளையிலும் பெரிய சென்சாரின் படமே தெளிவாக அமையும். சிறிய சென்சாரின் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

ஆனால் புதிதாகப் பெய்த வெண்பனி தன்மீது விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பியனுப்புவதால், தெளிந்த வானத்தின்கீழ் சறுக்குதளத்தில் ஒளிக்குப் பஞ்சமே இருப்பதில்லை. சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவைக் குறைந்த நிலையான 100இல் வைத்து, லென்ஸின் துளையை எஃப் 4 என்ற நடுத்தர அளவில் திறந்தாலே, ஷட்டர் 1/1,600 நொடி மட்டும் திறந்து மூடினால் போதுமான ஒளி கிடைத்துவிடும். சிறிய சென்சாரின் குறை வெளிப்படுவதற்கு வேண்டிய இருட்டு அங்கே இல்லை. ஆகவே பிற பயணங்களுக்குக் கேமரா வாங்கும்போது முதலிடம் பெறும் சென்சார் அளவு, பகலில் மட்டும் படம் எடுக்க விரும்பும் சறுக்குவோருக்கு இரண்டாம் நிலைக்கே உரியது. அந்தி நேரத்தையும் மரவீட்டின் உட்புறத்தையும் படமாக்க விரும்புவோருக்கு மட்டும் இக்கூற்று பொருந்தாது.

வெண்பனி சாம்பலாவது ஏன்?

ஒளி மிகுதியால் நேரும் சிக்கலும் ஒன்று உண்டு. கேமராவின் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது என்ற கணக்கின்படி செயல்படுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. மனிதர்களும் மரங்களும் கட்டடங்களும் கலந்த காட்சியில் இக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. சட்டகம் முழுவதையும் வெண்பனி நிரப்பும்போதோ, ஒளி அளவுக்கு மீறி இருப்பதாகக் கருதிக் கேமரா அதைக் குறைத்துவிட, பனி அழுக்கடைந்த சாம்பலாகவும் முகங்கள் கரிய நிழலாகவும் பதிவாகின்றன. இதைச் சரிசெய்ய, கேமரா கணித்த அளவைவிட ஒன்று முதல் இரண்டு படி கூடுதல் ஒளியை விடுமாறு கட்டளையிட வேண்டும். ஒரு படி என்பது ஒளியை இருமடங்காக்குவதாகும். இந்த ஒளித்திருத்த வசதி ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் இருந்தாலும், சிலவற்றில் தனிச் சக்கரமாகவோ பொத்தானாகவோ வெளியே அமைந்திருக்க, வேறு சிலவற்றில் பட்டியல்களுக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. முன்னதையே தேர்ந்தெடுப்பது நன்று. பனிக்காட்சிக்கென்றே ஒரு முறை அமைந்த கேமரா இத்திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும்.

நிழல்கள் நீலமாகப் பதிவாவதும் இதனோடு சேர்த்து அறியத்தக்கது. வெயில் படும் பனி சூரிய ஒளியைப் பெற, நிழலில் உள்ள பனி நீல வானத்தின் ஒளியை மட்டுமே பெறுவதால் அந்நிறம் தோன்றுகிறது. அது கேமராவின் பழுதன்று.

குளிரில் சோரும் பேட்டரி

இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரியே பயன்படுகிறது. அதனுள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் அயனிகள், மின்பகுளி என்னும் திரவத்தின் வழியே நகர்கின்றன. குளிர் கூடக்கூட இத்திரவம் தடித்து, அயனிகளின் ஓட்டம் தளர்ந்து, உள்மின்தடை உயர்வதால், முழுதாக மின்னேற்றிய பேட்டரியும் தீர்ந்துபோனது போல் கேமராவை அணைத்துவிடுகிறது. அதே பேட்டரியை உடல் வெப்பத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால், இழந்ததாகத் தோன்றிய ஆற்றலில் பெரும்பகுதி திரும்பிவிடும். பேட்டரி உறைநிலைக்குக் கீழ்க் குளிர்ந்திருக்கும்போது மின்னேற்றுவது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். அந்நிலையில் அதன் உட்புறத்தில் உலோக லித்தியம் படிந்து நிலையான சேதம் விளையக்கூடும்.

ஒரு பேட்டரியால் எத்தனை படங்கள் எடுக்கலாம் என்று விளம்பரங்களில் காணப்படும் எண்ணிக்கை, ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் முறைப்படி, ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுவது. எனவே பனிமலைக்குச் செல்வோர் அதனினும் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். உயரத்தோடு குளிர் கூடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். குல்மார்க் நகரம் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்க, அங்கிருந்து செல்லும் கேபிள் காரின் மேல்நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்ற பொதுக்கணக்கின்படி, கீழே மைனஸ் 3 டிகிரியாக இருக்கும் நாளில் மேலே மைனஸ் 11 டிகிரியை எதிர்பார்க்கலாம். சாதாரணக் காம்பாக்ட் கேமராக்கள் பலவும் 0 டிகிரி வரை மட்டுமே இயங்குவதற்கு உறுதியளிக்கப்பட்டவை. உறைபனி தாங்கும் வகைகளுக்குப் பெரும்பாலும் மைனஸ் 10 டிகிரி எல்லையாகக் குறிக்கப்படுகிறது. அவ்வெல்லையைத் தாண்டினால் கேமரா உடனே பழுதாகிவிடும் என்பதில்லை; ஆயினும் பேட்டரி விரைவில் சோர்ந்து, திரையில் காட்சி மாறுவதும் தாமதமாகும்.

உருகிய பனியும் வியர்க்கும் லென்ஸும்

பவுடர் போன்ற பனித்துகள் உலர்ந்திருக்கும் வரை தீங்கு செய்வதில்லை. அது கேமராவின் இளஞ்சூட்டில் உருகி, நீராகி, இடுக்குகளில் புகுந்து மீண்டும் உறையும்போதுதான் கேடு தொடங்குகிறது. சாதாரணக் காம்பாக்ட் கேமராவை இயக்கியதும் லென்ஸ் குழல் வெளியே நீள்கிறது. அக்குழலின் இடுக்கே நீர் நுழையும் முதல் வாயில். நீர்புகாக் கேமராக்களில் ஒளிக்கதிரை ஒரு பட்டகம் செங்குத்தாகத் திருப்பி உடலுக்குள்ளேயே செலுத்துவதால், ஜூம் முழுவதும் உள்ளே நிகழ்ந்து, வெளியே அசையும் உறுப்பு எதுவும் இருப்பதில்லை. 2002இல் வெளிவந்த மினோல்ட்டா டிமாஜ் எக்ஸ் கேமராவில் புகழ்பெற்ற இந்த மடிப்பு லென்ஸ் அமைப்பு, பின்னர் 2006இல் வந்த ஒலிம்பஸ் மியூ 720 எஸ்டபிள்யூ போன்ற கேமராக்கள் 3 மீட்டர் ஆழ நீரையும் 1.5 மீட்டர் உயர வீழ்ச்சியையும் தாங்குவதற்குத் துணைநின்றது.

ஆனால் நீர்புகாத் தன்மை, பேட்டரி அறையின் கதவை மூடும் ரப்பர் வளையத்தைச் சார்ந்தது. ஒரு மயிரிழை சிக்கினாலும் அவ்வளையம் பயனிழக்கும் என்பதால், பனி பெய்யும் வெளியில் கதவைத் திறந்து பேட்டரி மாற்றுவது, நீர்புகாக் கேமராவை நீர்புகும் கேமராவாக்கிவிடும். மதிய உணவுக்கு விடுதிக்குள் நுழையும் வரை ஒரே பேட்டரி தாங்குமா என்பது வாங்கும்போதே கேட்கத்தக்க கேள்வி.

வெளியிலிருந்து விடுதிக்குள் நுழையும்போது வேறொரு இடர் காத்திருக்கிறது. குளிர்ந்த கேமராவின்மீது அறையின் ஈரக்காற்று பட்டதும், குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போல, லென்ஸிலும், காப்பு இல்லாத கேமராவாயின் உட்புறச் சுற்றுகளிலும் நீர்த்துளிகள் படியும். வெளியில் இருக்கும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இட்டு வாயை இறுக மூடிக்கொண்டு, அறையின் வெப்பத்தை அது எட்டிய பின் திறந்தால், துளிகள் பையின்மீதே படியும்.

கையுறையும் கண்ணாடியும்

தொடுதிரை, விரலின் மின்பண்பை உணர்ந்து செயல்படுவது; தடித்த கையுறையின் வழியே அது உணராது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் மரத்துப்போவதோடு, கையுறையே சரிவில் உருண்டு போகவும் கூடும். எனவே இயக்கும் பொத்தானும் ஷட்டர் பொத்தானும் ஒன்றோடொன்று ஒட்டாமல், கையுறையோடு அழுத்தத்தக்க பருமனில் இருத்தல் வேண்டும். கைப்பேசி நீர்புகாததாக இருந்தும் சறுக்குதளத்தில் பலருக்கு உதவாமல் போவதற்குத் தொடுதிரையும் குளிரும் சேர்ந்தே காரணமாகின்றன. ஐபோனுக்கு அதன் நிறுவனமே 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலைத்தான் பரிந்துரைக்கிறது.

பனியின் கூச்சத்தைத் தடுக்க அணியும் கண்ணாடிகளில் சில, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கக் கண்ணாடிகள். கேமராவின் எல்சிடி திரையும் அத்தகைய ஒளியையே உமிழ்வதால், குறிப்பிட்ட கோணத்தில் திரை முற்றிலும் கறுத்துத் தெரியலாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வெயிலில் உதவும் என்றாலும், கண்ணாடியைக் கழற்றாமல் அதைப் பயன்படுத்துவது எளிதன்று.

நொடியில் கடக்கும் தொலைவு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடக்கிறார். பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவாவதற்கும் இடையே 0.3 நொடி தாமதம் இருந்தால், அதற்குள் அவர் 4 மீட்டர் நகர்ந்து சட்டகத்தைவிட்டே வெளியேறியிருக்கலாம். பொத்தானைப் பாதி அழுத்தி முன்கூட்டியே குவியத்தைப் பூட்டுவதும், அடுத்தடுத்துப் பல படங்களைத் தொடர்ந்து எடுக்கும் முறையைக் கையாள்வதும் இத்தாமதத்தை வெல்லும் வழிகள். ஷட்டர் 1/1,000 நொடியில் மூடினால் அவர் நகர்வது 1.4 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், தூரத்திலிருந்து எடுக்கும் படம் கூர்மையாக அமையும்.

வைத்துக்கொள்ளும் இடம்

நெஞ்சுப்பகுதியின் உட்பை வெப்பமானது. ஆனால் வியர்வையால் ஈரமானதும்கூட. அங்கிருந்து எடுத்த இளஞ்சூடான லென்ஸில் விழும் பனித்துகள் உருகிப் படிந்துவிடும். ஆகவே உறைபனி தாங்கும் கேமராவை வெளிப்பையிலும், மாற்று பேட்டரியை உட்பையிலும் வைப்பது நடைமுறைக்கு உகந்தது. விழும்போது விலா எலும்பு அழுந்தும் இடத்தில் கடினமான பொருள் எதுவும் இருத்தலாகாது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தளங்களுக்கு அப்பால் செல்வோர், பனிச்சரிவில் புதையுண்டால் பிறர் தேடிக் கண்டறிய உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைபரப்பியை உடலில் அணிவர். கேமரா போன்ற மின்கருவிகள் அதன் அலையைக் குலைக்கக்கூடும் என்பதால், அலைபரப்பும்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் இடைவெளி காக்க வேண்டும் என்பது பரவலாகக் கற்பிக்கப்படும் விதி.

எதைத் தேர்வது?

இவையனைத்தையும் ஒருங்கே நோக்கினால், பகலில் சறுக்கும் பெரும்பாலோருக்கு நீர், வீழ்ச்சி, உறைபனி மூன்றையும் தாங்கும் காம்பாக்ட் கேமராவே முதல் தேர்வாக அமைகிறது. 2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 15 மீட்டர் ஆழத்தையும் 2.1 மீட்டர் வீழ்ச்சியையும் மைனஸ் 10 டிகிரியையும் தாங்குவதாக உறுதியளிக்கப்பட்டது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை போன்ற 1 அங்குலச் சென்சார் கேமராக்கள், சறுக்கி முடித்த பின் நின்று நிதானமாகப் படம் எடுப்போருக்கும், கேமராவைக் காக்கும் பொறுமை உடையோருக்கும் ஏற்றவை. தலைக்கவசத்தில் பொருத்தும் கோப்ரோ போன்ற அதிரடிக் கேமராக்கள் சறுக்குபவரின் பார்வையில் காணொளி எடுக்கச் சிறந்தவை. அவற்றின் அகன்ற லென்ஸ் தொலைவில் உள்ள நண்பரைப் புள்ளியாக்கிவிடும் என்பதால், காம்பாக்ட் கேமராவுக்கு அவை முழு மாற்றாவதில்லை. உறுதியளவு சமமாக உள்ள இரு கேமராக்களில் வெள்ளியும் வெள்ளையும் தவிர்த்துச் சிவப்பையோ ஆரஞ்சையோ வாங்குவது, பனியில் தவறவிட்டதைத் தேடும்போது பயன்தரும்.

கேமரா வாங்கக் கடைக்குச் செல்வோர் சறுக்குக் கையுறையையும் கண்ணாடியையும் உடன் எடுத்துச் சென்று, அவற்றை அணிந்தபடியே கேமராவைப் பையிலிருந்து எடுத்து, இயக்கி, ஒளித்திருத்தம் செய்து, ஒரு படம் எடுத்துவிட்டு, கீழே விடாமல் பையில் திருப்பி வைத்துப் பார்ப்பது நல்லது. கடைக்குள்ளேயே இது கைகூடாத கேமரா, எத்தனை மெகாபிக்சல் உடையதாயினும், மலையில் பைக்குள்ளேயே கிடக்கும்.