கடல் நீர்நாய்: ஒரு ஜோடி இருந்தால் போதுமா?

நூஹ் (அலை) அவர்களின் கப்பல் வரலாற்றைச் சொல்லும்போது மக்தபில் பிள்ளைகள் கேட்பதுண்டு: ஒவ்வோர் இனத்திலும் ஒரு ஜோடி மிஞ்சினால் போதுமா, ஹஜ்ரத்? அது அல்லாஹ்வின் கட்டளைப்படி நடந்தது. அங்கே நம் கணக்குக்கு வேலையில்லை. ஆனால் தான் அழித்த உயிரினத்தை மனிதன் தானே மீண்டும் குடியேற்றும்போது கணக்கு மிகக் கடினமானது. கலிபோர்னியக் கடல் அதற்குச் சாட்சி.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. குளிரைத் தாங்க அல்லாஹ் அதற்கு மிக அடர்ந்த ரோமத்தைக் கொடுத்தான். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடித் தீர்த்தார்கள். 1911ஆம் ஆண்டு உடன்படிக்கை வேட்டையைத் தடுத்தபோது கலிபோர்னியாவில் எஞ்சியவை சுமார் ஐம்பதுதான்.

அவற்றின் சந்ததி ஆயிரத்தைத் தாண்டிப் பெருகியது. ஆனாலும் ஒரே கரையோரத்தில்தான் வாழ்ந்தது. ஓர் எண்ணெய்க் கப்பல் உடைந்தால் போதும். ரோமத்தில் எண்ணெய் படிந்து, குளிர் உடலில் இறங்கி, மொத்த இனமும் அழிந்துவிடலாம். (1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஆயிரக்கணக்கான நீர்நாய்களைக் கொன்றது.) எனவே 1987 முதல் 1990 வரை 140 நீர்நாய்களைப் பிடித்து சான் நிக்கோலஸ் தீவில் விட்டார்கள். பல நீந்தித் தாய்க்கரைக்கே திரும்பின. சில இறந்தன. பலவற்றின் கதி தெரியவில்லை. சில ஆண்டுகளில் தீவில் மிஞ்சியவை பதினைந்து அளவில்தான்.

இரை மிகுந்த இடத்தில் இவை ஆண்டுக்குப் பதினைந்து, இருபது விழுக்காடு வரை பெருகக்கூடியவை. அப்படியானால் பயம் எதற்கு? அந்த விழுக்காடு வெறும் சராசரி. பெண் நீர்நாய் பொதுவாக ஒரு ஈற்றில் ஒரு குட்டியே போடும். இருப்பதே ஏழெட்டுப் பெண்கள் என்றால், ஒரு புயலில் இரண்டு போனாலோ, அந்த வருடக் குட்டிகள் எல்லாம் ஆணாகப் பிறந்தாலோ சராசரி கைகொடுக்காது. ஆயிரம் இருக்கும் கூட்டத்தில் அதே இழப்பு தெரியவே தெரியாது. விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் (6:38) கூறுவதை இங்கே நாம் நினைத்துப் பார்க்கிறோம்.

ஓரிகன் கரையில் 1970, 71இல் விடப்பட்ட 93 நீர்நாய்களும் பத்தாண்டுகளில் இல்லாமல் போயின. பக்கத்து வாஷிங்டன் கரையிலோ 59ஐ மட்டுமே விட்டார்கள். அவை இன்று இரண்டாயிரத்துக்கும் மேல்!

சான் நிக்கோலஸ் திட்டம் தோற்றதாக 2012இல் அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனால் தங்கிய அந்தச் சிறு கூட்டம் மெல்லப் பெருகி நூறைத் தாண்டியது. அந்த நூறும் இருப்பது ஒரே தீவைச் சுற்றித்தான்.